சத்தம் அடங்கினால் குணமா?

பெண்கள் சிறைகளில் மனநலச் சிகிச்சை: குடவாசலிலிருந்து திருச்சி மகளிர் சிறை வரை

டெல்டாவில் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமானது. குடும்பத் தகராறு. பிள்ளைகளைப் புடவையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தாய் ஆற்றில் இறங்கினாள். பிள்ளைகள் போய்விட்டன. தாயைக் கரையில் இருந்தவர்கள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு வரி இருக்கும்: போலீசார் வழக்குப் பதிவு செய்து தாயைக் கைது செய்து திருச்சி மகளிர் சிறையில் அடைத்தனர். செய்தி அங்கே முடிந்துவிடும். அந்த வரிக்குப் பிறகு அவளுக்கு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

சோழசூடாமணி ஆற்றோரம், குடவாசலை ஒட்டிய ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணையும் நாமே வைத்துக்கொள்வோம். நடந்த வழக்கு ஒன்றை எடுத்து, அந்தக் குடும்பத்தை மறுபடி தெருவில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. இவள் நடவுக்கும் களை பறிக்கவும் போகிறவள். மூத்தது மூன்று வயது. இளையது பிறந்து மூன்று வாரம். பிரசவத்துக்கு அடுத்த வாரத்திலிருந்தே தூக்கம் கிடையாது. தனக்குத்தானே பேசுகிறாள், குழந்தையை யாரோ மாற்றி வைத்துவிட்டதாகச் சொல்கிறாள். “காத்து பட்டிருக்கு” என்றார்கள் அக்கம்பக்கத்தில். குணசீலம் கோவிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று மாமியார் சொன்னார். அறுப்பு முடியட்டும் என்று அது தள்ளிப்போனது.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது: பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குகிறது. மனநல மருத்துவத்தில் அவசரச் சிகிச்சை தேவைப்படும் நோய்களில் இதுவும் ஒன்று. சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளிந்துவிடுகிறார்கள். தாயும் சேயும் பிரியாமல் தங்கிச் சிகிச்சை பெறப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009-லேயே தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. குடவாசல் பெண்ணுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

தற்கொலைக்கு முயன்றதற்காக அவளை இப்போது யாரும் தண்டிக்க முடியாது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆவது பிரிவே இல்லை. ஆக, அவள் உயிரைப் பொறுத்தவரை அவள் நோயாளி. அதே தண்ணீரில், அதே நிமிடத்தில் போன பிள்ளைகளைப் பொறுத்தவரை அவள் கொலையாளி, பிரிவு 103.

நம்மிடமிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தை மூலமாகக் கொண்டு எழுதப்பட்டவைதான் சிங்கப்பூர், மலேசியச் சட்டங்கள். அங்கே சிசுக்கொலைக்கென்று தனிப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். பிரசவத்தின் பாதிப்பிலிருந்து மனம் மீளாத தாய் தன் குழந்தையைக் கொன்றால் அது கொலைக் குற்றமாகாது, வேறு வகைக் குற்றம். இங்கிலாந்தில் 1922-இலிருந்து அப்படித்தான். நாம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது, அவர்களிடம் இல்லாதது. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு மேல்முறையீடு வந்தது. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துப் பிழைத்துவிட்ட தாய். அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் நல்லதங்காளைக் கூப்பிட்டது. பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காள். கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் தமிழ்நாடே அழுது கேட்ட கதை. இப்படிப்பட்ட பெண்ணின் நிலையை ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்று பெயரிட்டு, நெடுநாள் தொடர்ந்த துன்புறுத்தலும் ஒரு தூண்டுதலே என்று கொண்டு, கொலை என்ற குற்றச்சாட்டை அந்தத் தீர்ப்பு இறக்கியது. பின்னால் வந்த சில வழக்குகளிலும் அது எடுத்தாளப்பட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் தண்டனை வாங்கி, மேல்முறையீடு போட்டு, அது விசாரணைக்கு வந்த பிறகு காட்டப்பட்ட கருணை அது. அத்தனை காலமும் அவள் எந்த நிலையில் இருந்தாள், யார் பார்த்தார்கள் என்பதற்குத் தீர்ப்பில் இடமில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் இல்லை.

உடம்புக்கு மட்டும் ஒரு சான்று

கைதானவளை ரிமாண்டுக்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், காயம் இருந்தால் குறிப்பார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது “போலீஸ் அடிச்சாங்களா?” என்று கேட்பது வழக்கம். “தூங்கி எத்தனை நாளாச்சு?” என்று கேட்கும் வழக்கம் இல்லை. அந்த ஒரு கேள்விக்கே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

இதில் சிகிச்சையைத் தாண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லாமல் செய்த செயல் குற்றமாகாது என்ற பாதுகாப்பு நம் சட்டத்தில் உண்டு. ஆனால் குற்றம் நடந்த அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று காட்டும் பொறுப்பு அவள் தலையில். முன்னும் பின்னும் அவள் நடந்துகொண்ட விதத்தை வைத்து அதை முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. அப்படியானால் முதல் வாரத்தில் ஒரு மனநல மருத்துவர் அவளைப் பார்த்து எழுதும் குறிப்பைவிடப் பெரிய சாட்சி இருக்க முடியாது. அது எழுதப்படவில்லை என்றால்? விசாரணை வருவதற்குள் நோய் தானாகவே தெளிந்திருக்கலாம். தலை வாரி, பொட்டு வைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு கூண்டில் நிற்பாள். “நல்லாத்தானே இருக்கா?” என்று தோன்றும். சிறைக்குள் கிடைக்காமல் போன ஒரு மருத்துவப் பரிசோதனை, வழக்கிலும் ஆயுள் தண்டனையிலும் போய் முடிகிறது. சிறை மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

உள்ளே

தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஐந்து ஊர்களில் பெண்கள் தனிச் சிறைகள் இருக்கின்றன. பல மாநிலங்களில் இந்த அளவுகூட இல்லை. 2015 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 17,834 பெண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் விசாரணைக் கைதிகள். பெண்களுக்கென்றே உள்ள சிறைகளில் இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் ஆண்கள் சிறைக்குள் சுவர் எழுப்பிப் பிரித்த மூலையில். 2022 கடைசியில் பெண் கைதிகள் எண்ணிக்கை 23,772 ஆகிவிட்டது.

திருச்சிச் சிறை காந்தி மார்க்கெட் பக்கம். அதற்குள் நம் குடவாசல் பெண் போகும்போது அவளுக்குப் பால் கட்டியிருக்கும். குழந்தை இல்லை, உடம்புக்கு அது தெரியாது. சிறையில் பெண்கள் ஆறு வயது வரை பிள்ளைகளைத் தங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்பது 2006-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை. 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் 1,537 தாய்மார்களோடு 1,764 குழந்தைகள். நல்ல உரிமைதான். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் குழந்தை தவழும். பாண்டிச் சாராயம் விற்றவள், நகை திருடியவள், மருமகள் இறந்த வழக்கில் வந்த மாமியார் எல்லோரும் இருக்கும் அந்த இடத்தில் அவளுக்குக் கிடைக்கும் முதல் பெயர் ‘பெத்த புள்ளைய கொன்னவ’.

இரவில் கத்துகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் தூங்க முடியவில்லை. சிறை மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதுகிறார். கத்துவது நிற்கிறது.

மேலை நாடுகளில் பெண்கள் சிறைகள் மீது சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு, மாத்திரை அதிகம் என்பது. இந்தியாவில் ஆள் இல்லை என்பது. ஆள் இல்லாத இடத்தில் மாத்திரையே ஆளாகிவிடுகிறது. 500 கைதிகளுக்கு ஒரு உளவியலாளர் என்பது 2016 மாதிரிச் சிறைக் கையேட்டின் அளவு. 2025-இல் வந்த இந்திய நீதி அறிக்கை நாடு முழுவதும் சிறைகளில் இருக்கும் உளவியலாளர்களையும் மனநல மருத்துவர்களையும் சேர்த்து எண்ணியது. மொத்தம் 25 பேர். 5,73,220 கைதிகளுக்கு. தமிழ்நாட்டுச் சிறைகளில் உளவியலாளர் பணியிடமாவது இருக்கிறது. அந்தப் பணியிடமே இல்லாத மாநிலங்கள் ஏராளம். பெண் கைதிகளுக்கு வாரம் ஒருமுறையாவது பெண் ஆலோசகர் கிடைக்க வேண்டும் என்று மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் எழுதியது. எழுதியது.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடும் மனப்பிறழ்வுக்கு மருந்து இல்லாமல் முடியாது. மருந்தே கொடுக்காமல் பூசாரியிடமும் தர்காவிலும் விட்டதன் விலையை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 மனநோயாளிகள் கொடுத்தார்கள். ஆனால் மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. பெண்ணுக்கு அது தனி. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தருவதோடு, சிலருக்கு மாதவிடாயை நிறுத்திவிடும். மார்பில் பால் சுரக்க வைக்கும். பிள்ளையை இழந்தவளுக்கு மறுபடி பால் வடிந்தால் அவள் என்ன நினைப்பாள்? யாராவது உட்கார்ந்து, “இது மருந்தால வர்றதும்மா, மாத்திக் கொடுக்கலாம்” என்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து எப்போதாவது வரும் மனநல மருத்துவருக்கு அதற்கு நேரம் கிடையாது. பழைய சீட்டில் இருப்பதே மறுபடி எழுதப்படும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றால் வழிக்காவலுக்குப் பெண் போலீஸ் வேண்டும். “எஸ்கார்ட் இல்லை” என்ற இரண்டு சொற்களில் ரத்துச் செய்யப்படும் மருத்துவமனைப் பயணங்களைச் சிறைவாசிகளும் வழக்கறிஞர்களும் நன்றாக அறிவார்கள்.

வார்டர்களைத் திட்டுவது சுலபம். மனநோய் பற்றி எந்தப் பயிற்சியும் தராமல், யாராவது தூக்கில் தொங்கிவிட்டால் முதல் சஸ்பென்ஷன் உனக்குத்தான் என்ற பயத்தோடு இரவுக் காவலுக்கு நிறுத்தப்படுகிறவர்கள் அவர்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. நீதிபதி அமிதவா ராய் குழு உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையின்படி 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் நடந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலைகள். ஆகவே துப்பட்டாவை வாங்கி வைக்கிறார்கள், கயிற்றை எடுத்துவிடுகிறார்கள், கண்ணெதிரே படுக்க வைக்கிறார்கள். சாகாமல் பார்த்துக்கொள்வது காவல். அதுவே சிகிச்சை என்று பதிவேட்டில் ஏறிவிடுவதுதான் கோளாறு.

இதன் கடைசி எல்லை எது என்று கனடா காட்டியது. ஆஷ்லி ஸ்மித் என்ற பெண் 15 வயதில் தபால்காரர் மீது காட்டு ஆப்பிளை எறிந்ததற்காக உள்ளே போனவள். உள்ளே செய்த கலகங்களுக்காகத் தண்டனை நீண்டுகொண்டே போனது. கடைசி 11 மாதத்தில் 17 முறை இடம் மாற்றினார்கள். 2007-இல், 19 வயதில், தனி அறையில் கழுத்தைத் துணியால் இறுக்கிக்கொண்டாள். மூச்சு இருக்கும்வரை உள்ளே போகக் கூடாது என்ற உத்தரவோடு காவலர்கள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். 2013-இல் மரண விசாரணை ஜூரி அதைப் பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்று தீர்த்தது. அவள் நோயை அவர்கள் கடைசிவரை ‘நடத்தை’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் இல்லை என்று ஒரு கையெழுத்து

நம் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் சிறைக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதற்கும் எண் 103 என்பது தற்செயல். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது, அதன் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநலச் சீராய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். என்னவென்று? இந்தச் சிறையில் மனநோய் உள்ள கைதி யாரும் இல்லை என்று சான்றளித்து.

இருந்தால் என்ன செய்வது என்று அந்த வாசகம் யோசிக்கவில்லை. இருப்பது தெரிந்தால் வாரியம் நேரில் வந்து, ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம் என்பது அடுத்த வரி.

இதன் பின்னால் நல்ல நோக்கம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. குற்றமே செய்யாத மனநோயாளிகளை ‘பாதுகாப்புக்காக’ சிறையில் போட்டுவைத்த காலம் ஒன்று இருந்தது. அது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்ன பிறகுதான் அந்தக் கதவு மூடத் தொடங்கியது. மனநோயாளி சிறையில் இருக்கவே கூடாது என்ற அந்த நல்லெண்ணம், காகிதத்தில் ஏறும்போது ‘இல்லை என்று எழுது’ ஆகிவிட்டது. அதிகாரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். கண்டுபிடித்தால் கடிதப் போக்குவரத்து, வழிக்காவல், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் படுக்கை, வாரியத்தின் கேள்வி. கண்டுபிடிக்காவிட்டால் ஒரு கையெழுத்து.

எண்கள் இதைத்தான் காட்டுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மனநோய் உள்ள கைதிகள் 9,084 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 5,024 கைதிகளிடம் ஆள் ஆளாக உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது, போதைப் பழக்கத்தைக் கழித்துவிட்டே 27.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கு இப்படி ஒரு பெரிய கணக்கெடுப்பு இங்கே நடக்கவில்லை. கேட்டால் நூற்றுக்கு இருபத்தேழு, கேட்காவிட்டால் நூற்றுக்கு ஒன்றரை.

2010-இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள், பெண் உள்ளே வரும்போதே அவளுக்கு நேர்ந்த வன்முறையையும் மனநிலையையும் கேட்டு எழுத வேண்டும் என்கின்றன. அது நடந்தால் நம் பெண்ணின் நோய் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மனு

சிறைவாசியைப் பார்க்கப் போவதற்கு ‘மனு பார்க்க’ என்று பெயர். குடவாசலிலிருந்து கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து திருச்சி. நூறு கிலோமீட்டருக்கு மேல். 2021-இலிருந்து பெண்களுக்குப் பேருந்தில் இலவசம் என்கிறோம். அது சாதாரண நகரப் பேருந்தில். திருச்சி வண்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். நடவுக் காலத்தில் மனுவுக்கு ஆள் வராது. ஆண் கைதியைப் பார்க்க மனைவி வருவாள், அம்மா வருவாள். பெண் கைதியைப் பார்க்கக் கணவன் வருவது அபூர்வம். நம் பெண்ணின் வழக்கில் அவன் புகார்தாரர். அவளுடைய அம்மா மட்டும் எப்போதாவது வருவார். வந்தாலும் அந்த இரைச்சலில், எல்லோர் முன்னாலும், எதைப் பேசுவது?

மனுவில் பேச முடியாததை எழுத்தில் சொல்லலாம். எரவாடா சிறையில் இருந்த வழக்கறிஞர் சுதா பரத்வாஜ், தன் அறைக் கம்பிகள் வழியே பார்த்த சக பெண் கைதிகளைப் பற்றி 2023-இல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழில் நம் பெண்கள் சிறைகளைப் பற்றி அப்படி நிறைய வர வேண்டும்.

வெளியே ஒரு படுக்கை

இந்தப் பெண்ணுக்குச் சிறைக்குள் எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுப்பது என்ற கேள்வியில் நாம் மாட்டிக்கொண்டால், ஒன்றைப் பார்க்கத் தவறுவோம். அவள் சிறைக்குள் இருந்தாக வேண்டுமா? கொலை வழக்கானாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணாகவோ நோயாளியாகவோ இருந்தால் ஜாமீன் கொடுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அப்படியே வந்திருக்கிறது. நம் பெண் பெண்ணும்தான், நோயாளியும்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் திருவாரூர் மருத்துவக் கல்லூரியும் திருச்சியைவிட அவள் வீட்டுக்குப் பக்கம். மனநோய் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று அவருக்குச் சொல்வது மாஜிஸ்திரேட், போலீஸ், சிறைப் பொறுப்பாளர் எல்லோருடைய கடமை என்றும் மனநலச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

ஜாமீன் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் பிணை கொடுக்க வேண்டும். வீட்டு வரி ரசீதும் ஆதாரும் கேட்பார்கள். அவளுடைய அம்மா இருப்பது வாய்க்கால் புறம்போக்கில், பட்டா இல்லாத வீட்டில். நிலம் இருப்பவர்கள் மிராசுதார் தெருவில் இருக்கிறார்கள். பிள்ளையைக் கொன்றவளுக்குக் கையெழுத்துப் போட அவர்களில் எவர் வருவார்? உத்தரவு கிடைத்த பிறகும் பிணை இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்காக 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகள் கொடுத்தது. ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை தர முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். உள்ளூர்ப் பிணைதான் வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம்.

திருவாரூர் வழக்கறிஞர் யாராவது இந்த உத்தரவின் நகலையும் ஒரு மனநல மருத்துவரின் சான்றையும் சேர்த்து மனுப் போட்டால் போதும். அந்தச் சான்றை எழுத, அவளை முதலில் ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.